ஹிஸ்டரி டிகிரிக்கு முன்னாடி ஒரு ஃபவுண்டேஷன் இயர்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஆகஸ்ட்ல ஏ லெவல் (இங்கத்து ப்ளஸ் டூ மாதிரி) ரிசல்ட் வர்ற வாரம் எனக்கு போன் ஓயவே ஓயாது. லண்டன்ல ஒரு யூனிவர்சிட்டில ஃபவுண்டேஷன் இயர் பசங்களுக்கு ஹிஸ்டரி எடுக்கறது என் வேலை, அது தெரிஞ்சு ஈஸ்ட் ஹாம்ல இருந்து, ஹாரோல இருந்து, கோயில்ல ஒரு தடவை பாத்தவங்க, தோழியோட மச்சினர், யாரோ ஒருத்தரோட சித்தப்பானு கூப்பிடுவாங்க. போன வருஷம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கேட்டது இன்னும் காதுலயே இருக்கு. "பிள்ளைக்கு ரிசல்ட் சரியா வரேல்ல ரீச்சர். ஹிஸ்டரிதான் வேணுமெண்டு நிக்கிறான். நாலு வருசக் கோர்ஸ் தந்திருக்கினம், ஃபவுண்டேஷனாம். ஃபெயில் விட்ட பிள்ளையள் படிக்கிறதோ அது?" அந்தக் கடைசிக் கேள்வி வரும்போது குரல் அப்படியே இறங்கிடுச்சு, பையன் பக்கத்து ரூம்ல இருந்திருப்பான் போல.

ஃபெயிலானவங்க படிக்கிறது இல்லம்மா அது. ஆனா கண்ண மூடிட்டு சேர்ற விஷயமும் இல்ல. போன்ல பத்து நிமிஷத்துல முழுசா சொல்ல முடியல, அதான் இங்க எழுதறேன்.

இங்கிலாந்துல ஹிஸ்டரி பி.ஏ. மூணு வருஷம். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் சேத்துக் குடுத்தா நாலு வருஷம், அந்த முதல் வருஷத்த இயர் ஜீரோன்னும் சொல்வாங்க. யூனிவர்சிட்டிக்குள்ளயே நடந்தாலும் படிப்போட நிலை பெரும்பாலும் ஏ லெவல் இருக்கிற அதே லெவல் 3 தான். அதுல எடுக்கற மார்க் டிகிரி கிளாஸ்ல சேராது, பாஸ் பண்ணி மேல போனா போதும், போனதும் நேரா மூணு ஏ எடுத்து வந்த பசங்களோட ஒரே செமினார்ல உக்காரலாம், கடைசில வாங்கறது அதே பி.ஏ. தான். யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கற தளமான யூகாஸ்ல தேடும்போது மூணு வருஷம், நாலு வருஷம் ரெண்டும் தனித்தனி கோர்ஸ் கோடோட வரும், அத மாத்திப் போட்டுட்டு வர்றவங்க வருஷத்துக்கு ரெண்டு பேராவது இருக்காங்க. இன்னொரு குழப்பம், ஃபவுண்டேஷன் டிகிரின்னு ஒண்ணு இருக்கு, அது வேற, அது ரெண்டு வருஷம் படிச்சு 240 கிரெடிட்டோட முடியற லெவல் 5 படிப்பு, வேலை சார்ந்தது. பேர் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதால ஏஜென்ட்டே மாத்திச் சொல்லி நான் கேட்டிருக்கேன்.

யார் வர்றாங்கன்னா, வீட்டுக்காக கெமிஸ்ட்ரி பயாலஜி எடுத்து மார்க் போனவங்க நிறைய. ஹாலந்துலயோ ஃபிரான்ஸ்லயோ பொறந்து பதினாலு பதினஞ்சு வயசுல குடும்பத்தோட லண்டன் வந்து, டச்சும் தமிழும் பேசற வாய்ல இங்கிலீஷ் எஸ்ஸே வராம தவிச்ச நம்ம பிள்ளைங்க. அம்மாவுக்கு உடம்பு முடியாம பாத்துக்கிட்டு பரீட்சைய விட்டவங்க. அப்புறம் முப்பது நாப்பது வயசுல வர்ற பெண்கள், இவங்கதான் என் கிளாஸ்ல முன் பெஞ்ச். இதுல யாரும் மக்கு இல்ல. அவங்களுக்கு யாரும் ஒரு நூத்தைம்பது பக்கத்த எப்படிப் படிக்கணும், படிச்சத எப்படி வாதமா எழுதணும்னு உக்காந்து சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான். ஃபவுண்டேஷன் இயர் அதைச் சொல்லிக் குடுக்கற வருஷம்.

எப்படின்னு ஒரு உதாரணம் சொல்றேன். ரெண்டாவது வாரத்துல நான் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்போட இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல இருந்து ரெண்டு பக்கம் குடுப்பேன். புதுச்சேரில பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், 1736ல இருந்து 1761 வரைக்கும் தமிழ்ல எழுதி வெச்சிருக்கார், 1904ல ஆரம்பிச்சு 12 வால்யூமா இங்கிலீஷ்ல வந்துச்சு. பசங்க முதல்ல பண்றது என்னன்னா, அதுல இருக்கறத அப்படியே சுருக்கி எழுதிடுவாங்க. டூப்ளே இப்படிச் சொன்னார், கப்பல் வந்துச்சு, சரக்கு இறங்குச்சு. நான் கேப்பேன், இத எழுதினவர் யாரு, வியாபாரி, கவர்னர் கிட்ட நல்ல பேர் வேணும், எதிரிங்க இருக்காங்க, அப்ப எத ஏத்திச் சொல்லியிருப்பார், எத விட்டிருப்பார், அதுவும் நாம படிக்கறது மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவங்க வெள்ளைக்காரன் ஆட்சி நடத்துன மெட்ராஸ்ல உக்காந்து பண்ணாங்க, அது எதையாவது மாத்தியிருக்குமா? கிளாஸ் ஒரு நிமிஷம் கம்முனு ஆகும். அப்புறம் ஒருத்தி கைய தூக்குவா. அந்த இடத்துலதான் ஹிஸ்டரி ஆரம்பிக்குது, வருஷத்த மனப்பாடம் பண்றதுல இல்ல. மூலச் சான்று ஒண்ணு, அதப்பத்தி பின்னால வந்தவங்க எழுதினது வேற ஒண்ணு, ரெண்டையும் பிரிக்கக் கத்துக்கறது, அடிக்குறிப்பு போடறது, அடுத்தவங்க வாக்கியத்த எடுத்தா எங்கிருந்து எடுத்தேன்னு சொல்றது, இதெல்லாம் முதல் டெர்ம்லயே வந்துடும். கடைசில சொன்னது நம்ம பிள்ளைங்களுக்கு ரொம்ப முக்கியம். நோட்ஸை அப்படியே எழுதினா நல்ல மார்க்னு வளர்ந்தவங்க, இங்க அதயே பண்ணிட்டு பிளேஜரிசம்னு விசாரணைக்கு வந்து உக்காந்து அழறத பாத்திருக்கேன். ஏமாத்தணும்னு பண்ணல, தெரியாம பண்ணாங்க.

மார்க் பத்தி பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க பாஸ் மார்க் 40. 70 எடுத்தா ஃபர்ஸ்ட் கிளாஸ். 60க்கு மேல எடுத்தா அப்பர் செகண்ட், நல்ல வேலைக்கும் மாஸ்டர்ஸ்க்கும் பெரும்பாலும் அதுவே போதும். ஒரு பொண்ணு முதல் எஸ்ஸேல 45 வாங்கி, டிசம்பர்ல 62க்கு வந்தா. என்ன ஒரு உழைப்பு அது! வீட்ல "அறுபத்திரெண்டுதானா"ன்னு கேட்டாங்களாம். ரெண்டு நாள் கிளாஸ்க்கு வரல. தயவுசெஞ்சு நூத்துக்கு எவ்வளவு கொறஞ்சதுன்னு பாக்காதீங்க, அந்தக் கணக்கு இங்க கிடையாது.

காசு விஷயத்துக்கு வரேன். 2025-26ல இருந்து இங்கிலாந்துல ஹிஸ்டரி மாதிரி கிளாஸ்ரூம் படிப்போட ஃபவுண்டேஷன் இயருக்கு ஃபீஸ் உச்சவரம்பு 5,760 பவுண்ட், அதுக்கு முன்னாடி முழு டிகிரி ஃபீஸையே இதுக்கும் வாங்கினாங்க. 2025-26ல டிகிரி வருஷத்துக்கு 9,535. 2019ல அரசுக்காக வந்த ஆகர் ரிவ்யூங்கற அறிக்கை ஃபவுண்டேஷன் இயருக்கு அரசுக் கடனே வேண்டாம்னு சொல்லிச்சு, நல்லவேளை அந்த அளவுக்குப் போகல. இப்ப சேர்றவங்களுக்கு கிடைக்கற அரசுக் கடனுக்கு பிளான் 5னு பேர், வருஷ வருமானம் 25,000 பவுண்ட் தாண்டினா தாண்டின தொகைல 9 சதவீதம் கட்டணும், 40 வருஷம் கழிச்சு மிச்சம் தள்ளுபடி. நாலாவது வருஷம்னா இன்னொரு வருஷச் செலவுக்கான கடனும் சேருது, அத மறைச்சு பேசறதுல அர்த்தமில்ல.

இங்க ஒரு பள்ளம் இருக்கு. இப்ப இருக்கிற முறைல கடன் கிடைக்கறது கோர்ஸ் நீளம் கூட்டல் ஒரு வருஷம், அதுல ஏற்கனவே யூனிவர்சிட்டில படிச்ச வருஷத்தைக் கழிப்பாங்க. கடைத்தெருவுல நோட்டீஸ் குடுத்து, "சும்மா சேருங்க, செலவுக்கு லோன் வரும், வாரத்துல ரெண்டு நாள்தான் கிளாஸ்"னு நம்ம ஆளுங்கள பிசினஸ் கோர்ஸ்ல சேத்து விடற ஏஜென்ட்டுங்க இருக்காங்க. யூனிவர்சிட்டி பேர்ல வேற ஒரு காலேஜ் நடத்தற இந்த மாதிரி கோர்ஸுங்கள்ல நடக்கற லோன் மோசடி பத்தி 2024 ஜனவரில அரசுச் செலவ தணிக்கை பண்ற நேஷனல் ஆடிட் ஆஃபீஸே அறிக்கை விட்டுச்சு. அப்படி ரெண்டு வருஷம் போய்ட்டு வந்த ஒரு அம்மா என்கிட்ட வந்து, "எனக்கு நிஜமா ஹிஸ்டரிதான் படிக்கணும்"னு சொன்னாங்க. நாலு வருஷக் கோர்ஸ், கூட ஒண்ணு, அஞ்சு, அதுல ரெண்டு போச்சு, மிச்சம் மூணு வருஷத்துக்குத்தான் கடன். ஒரு வருஷ ஃபீஸ் கைக்காசு. அவங்க முகத்த பாத்துட்டு அந்தக் கணக்க சொல்றதுக்குள்ள எனக்கு தொண்ட அடைச்சிடுச்சு. 2027 ஜனவரில இருந்து ஆரம்பிக்கற படிப்புகளுக்கு லைஃப்லாங் லேர்னிங் என்டைட்டில்மென்ட்ங்கற புது முறை வருது, அதனால பழைய கணக்க வெச்சு யார் சொன்னாலும் நம்பாம, நீங்க சேர்ற வருஷத்துக்கு என்ன விதின்னு பாருங்க.

விசா நிலையும் இப்பவே பாருங்க, ரிசல்ட் வந்தப்புறம் இல்ல. ஹோம் ஃபீஸும் (உள்நாட்டு மாணவர் ஃபீஸ்) கடனும் வேணும்னா பொதுவா செட்டில்ட் நிலை, அதாவது இங்க நிரந்தரமா இருக்க அனுமதி, கூடவே கோர்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு வருஷம் இங்க இருந்திருக்கணும். அகதி அந்தஸ்து கிடைச்சவங்களுக்கு தனி விதி. சின்ன வயசுல வந்து, ஸ்கூல் எல்லாம் இங்கயே முடிச்சு, ஆனா இன்னும் லிமிடெட் லீவ்லயே, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கான விசாலயே இருக்கிற பிள்ளைங்க நம்ம சமூகத்துல இருக்காங்க, அவங்களுக்குப் பதினெட்டு வயசுலதான் தனக்கு லோன் இல்லைன்னே தெரிய வருது. 2015ல டிகெரேங்கற மாணவி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சதுக்கு அப்புறம் ஒரு வழி பொறந்துச்சு: பதினெட்டுக்குள்ளன்னா 7 வருஷம் இங்க வாழ்ந்திருக்கணும், அதுக்கு மேலன்னா வாழ்நாள்ல பாதி, இல்ல 20 வருஷம், கடைசி மூணு வருஷம் சட்டப்படி இருந்திருக்கணும். பாஸ்போர்ட், லெட்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு யூனிவர்சிட்டியோட ஸ்டூடன்ட் அட்வைஸ் டீம்கிட்ட போங்க. கேக்கறதால யாரும் உங்கள தப்பா நெனைக்க மாட்டாங்க.

சென்னைல இருந்தும் கொழும்புல இருந்தும் மெயில் பண்றவங்களுக்கு: பன்னண்டாவது மார்க் நல்லா இருந்தா, இல்ல இலங்கை ஏ/எல் பாஸ்னா, இங்க நிறைய யூனிவர்சிட்டி நேரா முதல் வருஷத்துலயே எடுக்கும். ஃபவுண்டேஷன் கட்டாயம்னு ஏஜென்ட் சொன்னா அந்த யூனிவர்சிட்டியோட இந்தியா, இலங்கை பக்கத்த நீங்களே தொறந்து பாருங்க, ஏஜென்ட்டுக்கு கமிஷன் எங்க அதிகமோ அங்க அனுப்பறாங்க. வெளிநாட்டு ஃபீஸுக்கு நான் சொன்ன உச்சவரம்பு எதுவும் கிடையாது, ஒரு வருஷம் கூடினா வீட்ட அடமானம் வெக்கற தொகை.

வேற வழி இருக்கான்னா இருக்கு. பக்கத்து காலேஜ்ல ஒரு வருஷ அக்சஸ் டிப்ளமா, பெரியவங்களை யூனிவர்சிட்டிக்கு தயார் பண்ற படிப்பு, 19 வயசுக்கு மேல இருந்தா அதுக்கு ஒரு கடன் தர்றாங்க, அப்புறம் டிகிரிய முடிச்சா அந்தக் கடனோட மிச்சம் தள்ளுபடி. இத ஏன் யாரும் சத்தமா சொல்ல மாட்டேங்கறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. வேலைய விட முடியாதவங்களுக்கு ஓப்பன் யூனிவர்சிட்டி இருக்கு, முன் தகுதி எதுவும் கேக்க மாட்டாங்க. சாயங்கால கிளாஸ்க்கே பேர் போன பிர்க்பெக் 1823ல இருந்து இந்த வேலைய பண்ணிட்டிருக்கு. கெட்டிக்காரப் பிள்ளை, ஆனா வீட்டுச் சூழ்நிலையால மார்க் பிபிபி அளவுல நின்னுடுச்சுன்னா, கேம்பிரிட்ஜ் 2022ல ஆரம்பிச்ச ஃபவுண்டேஷன் இயரையும் ஆக்ஸ்ஃபோர்டோட ஆஸ்ட்ரோஃபோரியாங்கற ஃபவுண்டேஷன் இயரையும் கட்டாயம் பாருங்க, ரெண்டுலயும் அந்த வருஷம் ஃபீஸும் தங்கற செலவும் அவங்களே பாத்துக்கறாங்க. இடம் கொஞ்சம்தான், கேம்பிரிட்ஜ்ல அம்பது பேர் அளவுக்குத்தான் எடுக்கறாங்க. ஆனா "அதெல்லாம் நமக்கு கெடைக்காது"ன்னு வீட்லயே கதவ சாத்திடாதீங்க.

யூனிவர்சிட்டிய சுத்திப் பாக்க விடற ஓப்பன் டேக்கு போனா ரெண்டு கேள்வி கேளுங்க. மேல போக எத்தன மார்க் வேணும், 40 போதுமா இல்ல அதுக்கு மேலயா? ஃபவுண்டேஷன் வருஷத்துல கிளாஸ் எடுக்கறது ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் ஆளுங்களா, இல்ல வேற காலேஜா? பதில மெயில்ல வாங்கி வெச்சுக்கங்க. இன்னொண்ணு, டீச்சர் ஆகணும்னு ஆசை இருக்கிற பிள்ளைங்க ஜிசிஎஸ்இ (பதினாறு வயசுல எழுதற பரீட்சை) மேத்ஸ், இங்கிலீஷ்ல கிரேடு 4 இல்லாம விட்டுடாதீங்க, ஃபவுண்டேஷன் இயர் அதுக்கு பதிலாகாது. நாலு வருஷம் படிச்சு முடிச்சிட்டு, டீச்சர் டிரெய்னிங் அப்ளிகேஷன்ல அங்க வந்து முட்டினவங்க உண்டு.

ஹிஸ்டரி படிச்சா என்ன வேலைன்னு கேப்பீங்க. வக்கீலாகவும் போகலாம், எந்த டிகிரியா இருந்தாலும் சொலிசிட்டர் பரீட்சை எழுதலாம். சிவில் சர்வீஸ், டீச்சிங், ஆர்க்கைவ், மியூசியம், பத்திரிகைன்னு போனவங்களும் இருக்காங்க. ஆனா என் மனசுல நிக்கறது வேற. மலையகத்து குடும்பத்துல இருந்து வந்த ஒரு பையன், இலங்கையோட 1948 குடியுரிமைச் சட்டம் பத்தி பாட்டி சொன்ன கதை மட்டும் தெரிஞ்சு வந்தவன், ஃபவுண்டேஷன் இயர்லயே லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ரீடர்ஸ் டிக்கெட் எடுத்தான், அது இலவசம். சிலோன் கவர்னர்கள் லண்டனுக்கு அனுப்பின கடிதங்கள் சி.ஓ. 54ங்கற வரிசைல இருக்கு. கூலிகளோட எண்ணிக்கை போட்ட ஒரு பக்கத்த அவன் கைல வெச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான். டிகிரி மூணாவது வருஷத்துல 10,000 வார்த்தை டிசர்ட்டேஷன் அதுலதான் எழுதினான்.

யூகாஸ்க்கு ஜனவரி நடுவுல கடைசித் தேதி வரும், அத விட்டவங்களுக்கு ஜூலைல கிளியரிங், அதாவது மிச்சம் இருக்கிற இடங்களுக்கான சேர்க்கை தொறக்கும், ஃபவுண்டேஷன் இடங்கள் அதுல நிறைய வரும். கிளியரிங்க்கு போன் பண்ணும்போது பிள்ளையே பேசட்டும், அப்பா பேசினா யூனிவர்சிட்டி பதில் சொல்லாது. பக்கத்துல உக்காந்து ரிசல்ட் பேப்பரையும் யூகாஸ் நம்பரையும் எடுத்துக் குடுங்க.