கண்ணியை வெட்டும் முன் அளந்து பாருங்கள்

சைக்கிள் செயின் தாவி நடந்த விபத்தில் இந்த மாதத்தில் இது மூன்றாவது. பாம்பன் சாலைப்பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறாள் ஒரு பிளஸ் ஒன் மாணவி. செயின் தாவியது. மிதித்த கால் பிடிப்பில்லாமல் கீழே இறங்க, தாடை ஹேண்டில்பாரில் மோதி நான்கு தையல். பின்னால் வந்த வேன்காரர் சரியான நேரத்தில் பிரேக் பிடித்ததால் தையலோடு போயிற்று.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவளுடைய அப்பா கடை வாசலில் நின்றபடியே சொன்னார்: "செயின் லூசாகிவிட்டது, அண்ணே. வீட்டிலேயே மூன்று தடவை இழுத்துக் கட்டினேன். போன வாரம் ஒரு கண்ணிகூட வெட்டி எடுத்தேன்."

பாலத்தின் இந்தக் கரையில் இருக்கும் மண்டபம் ஊரில் இருபத்தாறு வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் கிடையாது. தாவுகிற செயினை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. செயினில் கண்ணிகளைக் கோக்கும் ஆணிகள் சுமார் நூறு இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழை அளவு தேய்ந்தாலே கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிவிடும். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பற்களோ பழைய இடைவெளியிலேயே இருக்கின்றன. அதனால் ஆணியைச் சுற்றியிருக்கும் உருளை பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேலே ஏறி நிற்கும். அழுத்தி மிதித்தால் அடுத்த பல்லுக்குத் தாவும். சக்கரத்தைப் பின்னால் இழுத்துக் கட்டினால் தொங்கல் போகும், இடைவெளி குறையாது. வலைத்தொழில் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வலையை இழுத்துக் கட்டினால் அகன்றுபோன கண்ணி சின்னதாகிவிடுமா? ஒரு கண்ணியை வெட்டினாலும் மிச்சமிருக்கிற அத்தனை கண்ணியும் அதே தேய்ந்த கண்ணிதானே!

சமதரையில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும். 1988-ல் திறந்த பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அடியில் படகு போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும். அந்த ஏற்றத்தில் கச்சான் காற்றும் எதிர்த்தால் எவ்வளவு அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். செயின் தாவுவது அங்கேதான்.

சரி, வீட்டிலேயே பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்து சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிறுத்திப் பெடலை மெதுவாகச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு கண்ணி மட்டும் நிமிராமல் முடங்கியபடி ஃப்ரீவீலை விட்டு வெளியே வருகிறதா? துருப்பிடித்த கண்ணி அது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் இரண்டு கையாலும் அசைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும். செலவே இல்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால் அளக்க வேண்டும். இரும்பு டேப் எடுங்கள். தையல் டேப் வேண்டாம், அது தானே நீளும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 இடைவெளி தள்ளியிருக்கும் ஆணியின் நடு வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் ஃப்ரீவீலும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பற்களைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இல்லாமல், சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயினை மட்டும் போட்டால் முன்னைவிட மோசமாகத் தாவும். பிறகு என்னிடம் வந்து "டூப்ளிகேட் செயினைக் கொடுத்துவிட்டாய்" என்று சண்டை போடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னால் வியாபாரம் பார்க்கிறான் என்கிறார்கள், சொல்லாவிட்டால் ஏமாற்றினான் என்கிறார்கள்.

சில சமயம் செயின் தாவவே தாவாது. பெடலும் செயினும் ஃப்ரீவீலும் சுற்றும், சக்கரம் மட்டும் நிற்கும். ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்னக் கொக்கிகள் பழைய கிரீஸிலும் உப்பிலும் ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கழுவிப் பாருங்கள். டக் டக் சத்தம் திரும்பவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். கியர் சைக்கிளில் செயின் தாவினால் கியர் கேபிளின் தளர்ச்சியையும் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் காற்று இரும்புக்கு எமன். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், துருவைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம்: கேரியரில் இருக்கும் ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் நேராக ஃப்ரீவீல் மேல்தான் சொட்டுகிறது. பெட்டிக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் ஷீட் போடுங்கள், போதும். தயவுசெய்து சைக்கிளைக் கடலில் இறக்கிக் கழுவாதீர்கள். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் சைக்கிளைக் குளிப்பாட்டச் சொல்ல எனக்கும் மனம் வராது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று போதும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துவிடும். கிரீஸை அப்பவும் வேண்டாம். மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் மாதிரி உள்ளே அராவிவிடும். மெல்லிய எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, சிறிது நேரம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஆனால் ஒன்று: பெடலைச் சுற்றிக்கொண்டே ஃப்ரீவீல் பக்கத்தில் துணியைப் பிடிக்காதீர்கள். துணியோடு விரலும் உள்ளே போய்விடும். சிறு பிள்ளைகளை அருகில் விடவே கூடாது.

இழுத்துக் கட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். வீணைக் கம்பி போல விறைத்து நின்றால் செயினோடு சக்கரத்தின் பேரிங்கும் சேர்ந்து தேயும்.

அந்தப் பிள்ளையின் சைக்கிளுக்குச் செயினும் ஃப்ரீவீலும் புதிதாகப் போட்டு, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். அப்பா பணத்தைக் கொடுத்துவிட்டுக் குனிந்தார். விரலால் செயினை ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"கொஞ்சம் லூசாக இருக்கிற மாதிரி தெரிகிறதே, அண்ணே?"