போலிங் என்றால் என்ன? தமிழில் தொடர்வினவல்

போலிங் என்ற சொல்லின் வேர் ‘போல்’. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குத் தலை என்று பொருள். ஓட்டுக்குத் தலைகளை எண்ணப் போய், 17ஆம் நூற்றாண்டில் அது தேர்தல் சொல்லானது. கணினித் துறைக்கு வந்தது வெகு காலம் கழித்து. ஒரே கம்பியில் பல முனையங்கள் இணைந்திருக்கும். மையக் கணினி ஒவ்வொன்றிடமும் முறை வைத்து, ‘அனுப்ப ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்கும். அப்படிக் கேட்பதுதான் போலிங்.

ஆகவே இதை ‘வாக்கெடுப்பு’ என்று பெயர்ப்பது பிழை. படிப்பவரைத் தேர்தல் பக்கம் இழுத்துவிடும். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு வினவல் என்ற சொல் நிலைத்துவிட்டது. அதையே குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்பதால் தொடர்வினவல் என்பதே என் தேர்வு.

எதிர்ப்பக்கம் இருப்பது புஷ் நோட்டிபிகேஷன்: நாம் கேட்காமலே, தரவை வைத்திருக்கும் வழங்கி (சர்வர்) தானாகச் செய்தி அனுப்புவது. ‘தள்ளு அறிவிப்பு’ என்றால் தள்ளிவைத்தலும் தள்ளுபடியும் குறுக்கே வரும். உந்து அறிவிப்பு நன்றாகப் பொருந்துகிறது. உந்துவிசையில் இருக்கும் அதே உந்து. முதலில் வாய் திறப்பது வழங்கி என்பதும் விளங்கும்.

சரி, நடைமுறையில் என்ன வேறுபாடு? 20 பேர் ஒரே தரவுத்தளத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு திரையும் 5 நொடிக்கு ஒருமுறை ‘ஏதாவது மாறியதா?’ என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 240 வினவல்கள், பெரும்பாலானவற்றுக்கு ‘இல்லை’ என்றே பதில். இடைவெளியைக் கூட்டினால் சுமை குறையும், ஆனால் ஒருவர் மாற்றியதை மற்றவர் பார்க்கத் தாமதமாகும். முழு அட்டவணையையும் படிக்காமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுமுகமாக ஒரு பதிப்பு எண் கொடுத்து, கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேற்பட்ட வரிசைகளை மட்டும் கேட்கலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சிறிய எண் பெற்ற ஒரு பரிவர்த்தனை (ஒரே தொகுப்பாகச் செய்யும் மாற்றங்கள்) தாமதமாக உறுதியானால், அதற்குள் நாம் பெரிய எண்ணைத் தாண்டிப் போயிருப்போம். அந்த மாற்றம் கண்ணில் படவே படாது. நீக்கப்பட்ட வரிசையும் அப்படித்தான், இல்லாததற்கு ஏது எண்?

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் லிஸன் (செய்திக்குச் செவிகொடு), நோட்டிஃபை (அறிவி) என்ற கட்டளைகள் உண்டு. பரிவர்த்தனை உறுதியான பிறகே செய்தி புறப்படும் என்பதால், பாதியில் கைவிட்ட மாற்றத்தைப் பற்றி யாருக்கும் தகவல் போகாது. ஒரு செய்தி வழக்கமான அமைப்பில் 8000 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அதனால் மாறிய பதிவின் எண்ணை மட்டும் அனுப்பி, விவரத்தை அந்தத் திரையே ஒரு வினவலால் எடுத்துக்கொள்ள விடுவது நல்லது. ஃபயர்பேர்டு என்ற தரவுத்தள மென்பொருளும் இதே போக்கில், நிகழ்வின் பெயரையும் எத்தனை முறை நடந்தது என்பதையும் மட்டும்தான் சொல்லும்.

இணைப்பு அறுந்திருக்கும்போது போன செய்தி போனதுதான், வழங்கி அதை நமக்காக எடுத்து வைக்காது. மீண்டும் இணைந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டுச் சரிபார்த்தாக வேண்டும். உந்து அறிவிப்பை நம்பித் தொடர்வினவலை அடியோடு எடுத்துவிடுவது தவறு என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நிமிடக்கணக்கான இடைவெளியிலாவது அது இருக்கட்டும்.

அப்புறம், மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் தரவுத்தளம் போல ஒரு கோப்பைப் பகிர்வு அடைவில் வைத்து எல்லோரும் திறக்கும் முறையில் உந்து அறிவிப்புக்கே இடமில்லை. அங்கே வெறும் கோப்புதான் இருக்கிறது, மாற்றத்தைக் கவனித்துச் சொல்ல வழங்கி என்று எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு கணினியும் தானே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.