பயனாளி வேறு, பயனர் வேறு

போன மாதம் என் அத்தைக்கு ஓர் இணையச் சேவையில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனதும் திரையின் வலது மேல் மூலையில் ‘பயனாளி: செல்வி’ என்று வந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்து பார்த்தார். “என் பேரு வந்துடுச்சா? எந்தத் திட்டத்துல?” என்று கேட்டார். வீடு கட்டும் திட்டத்துக்கு மனுப் போட்டுவிட்டு, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டும் பயனாளிகள் பட்டியலில் இரண்டு வருடமாகத் தன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பவர் அவர். இல்லை அத்தை, நீங்கள் உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது என்று விளக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பு அவருடையது அல்ல. அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் கொள்ளும் பொருளைத்தான் அவரும் கொண்டார்.

அந்தத் திரையில் பயனாளி என்று மொழிபெயர்த்திருந்தது யூசர் (user) என்ற ஆங்கிலச் சொல்லை. அந்தச் சொல்லின் கதை சிறியது. இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வேர். ஒன்றை எடுத்துக் கையாள்பவர் என்பது பொருள். ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு வந்தபோது (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961இல் அப்படி ஒன்றை இயக்கிக் காட்டினார்கள்) எந்தக் கோப்பு யாருடையது என்று பிரித்தறிய ஆளுக்கொரு பெயர் தேவைப்பட்டது. யூசர்நேமின் வேலை இன்றும் அதுதான்.

தமிழில் யூசருக்குப் பயனர், பயனாளர், பயனாளி என்று மூன்றும் புழங்குகின்றன. இலங்கையில் பாவனையாளர் என்பார்கள். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, அதனால் அங்கே அது பொருத்தமான சொல். தமிழ்நாட்டில் பாவனை என்றால் பாசாங்கு என்றே நினைப்பார்கள். மலேசியாவில் பயனீட்டாளர் என்ற சொல் நுகர்வோரைக் குறிக்கிறது. இவற்றோடெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. பயனாளியோடுதான் சண்டை.

‘பயனை ஆள்பவர் பயனாளி, ஆகவே யூசருக்கு அது சரி’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளி என்று முடியும் மற்ற சொற்களைப் பாருங்கள். கடனாளி கடனைச் சுமப்பவர். நோயாளி நோய் உள்ளவர். முதலாளி முதல் உள்ளவர். முன்னால் நிற்கும் பொருள் எதுவோ அது அந்த ஆளிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் பயனாளி யார்? பயன் யாரிடம் போய்ச் சேர்கிறதோ அவர். தொழிலாளி, உழைப்பாளி எல்லாம் செய்பவர்கள்தானே என்று கேட்கலாம். தொழிலும் உழைப்பும் தாமே செயல்கள், அதனால் அவற்றை உடையவர் செய்பவர் ஆகிறார். பயன் செயல் அல்ல, விளைவு. பயன்படுத்துவதுதான் செயல். திருக்குறளில் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் இருக்கிறதே, அங்கே பயன் என்பது சொல்லால் கிடைக்கும் நன்மை. பயன்படுத்துவது என்ற செயல் அதில் இல்லை.

அரசுத் தமிழ் இந்தச் சொல்லை மிகச் சரியாகவே பிடித்துக்கொண்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறத் தொடங்கிய பெண்கள் பயனாளிகள். வீடு பெறுபவர், தையல் இயந்திரம் பெறுபவர் எல்லோரும் பயனாளிகள். கிராம சபையில் படிக்கிற பட்டியலிலிருந்து பத்திரிகைச் செய்தி வரை இந்தப் பொருள் ஊறிப்போயிருக்கிறது. அதை எடுத்து யூசருக்கும் மாட்டினால் என்ன ஆகும்? இ-சேவை மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியர் தன் கணக்கில் நுழைகிறார், அவர் யூசர். எதிரே நின்று ஆதார் அட்டையை நீட்டும் பாட்டி உதவி பெறப்போகிறவர், அவர் பயனாளி. நுழையும் பக்கத்தில் ‘பயனாளி பெயர்’ என்று கேட்டு, உள்ளே விண்ணப்பத்திலும் ‘பயனாளியின் பெயர்’ என்று கேட்டால், இரண்டு மனிதர்களை ஒரே சொல்லில் கட்டிப்போட்டுவிட்டோம். பணம் சம்பந்தப்பட்ட விண்ணப்பத்தில் இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை.

சரி, பயனர் மட்டும் இலக்கணப்படி குறையில்லாததா? நேர்மையாகச் சொன்னால் இல்லை. பயன் என்பதோடு அர் சேர்த்தாலும் செயல் வந்துவிடவில்லை. ஓட்டுநர், நடத்துநர், பெறுநர் போலப் பயன்படுத்துநர் என்பதே கச்சிதமான ஆக்கம். ஆனால் கைபேசித் திரையின் சின்னப் பொத்தானில் அது அடங்காது. பயனர் புதுச்சொல், அதற்கு வேறு வேலை கொடுக்கப்படவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் வருடக்கணக்காகப் ‘பயனர்’, ‘பயனர் பேச்சு’ என்று எழுதிப் பழகி இந்தப் பொருளிலேயே நிலைத்துவிட்டது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்துகிறது, மரியாதையும் உள்ளேயே இருக்கிறது. எனக்கு இது போதும்.

அதே விக்கிப்பீடியா லாகினுக்குப் புகுபதிகை என்று வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். கப்பலின் வேகத்தை அளக்க முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். அந்தக் கட்டைக்கு லாக் என்று பெயர். அளவைக் குறித்துவைத்த ஏட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லாகின் என்றால் வருகையை ஏட்டில் பதிவது. புகுபதிகையில் புகுவதும் இருக்கிறது, பதிவதும் இருக்கிறது. இருந்தாலும் பொதுமக்களுக்கான பக்கத்தில் ‘உள்நுழைக’ என்று போடுவதைக் குறை சொல்ல மாட்டேன். அது யாரையும் தடுமாற வைப்பதில்லை.

தடுமாற வைப்பது உள்ளே போனபின் பெயரைக் காட்டும் விதம். ‘நீங்கள் செல்வியாக உள்நுழைந்துள்ளீர்கள்’ என்கிறது ஒரு பக்கம். செல்வியாக என்றால் செல்வி வேடம் போட்டு வந்த வேறு யாரோ என்று தோன்றுகிறது. ‘செல்வி என்ற பெயரில் நுழைந்துள்ளீர்கள்’ என்றால் தீர்ந்தது. இன்னொரு பக்கத்தில் ‘முருகன்இன் கணக்கு’. ஆங்கிலத்தில் எந்தப் பெயரின் பின்னாலும் உடைமைக்குறியை அப்படியே ஒட்டிவிடலாம். தமிழில் முருகனின், செல்வியின், ராஜுவின் என்று பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்துத்தான் வேற்றுமை உருபு சேரும். கணினி நிரலுக்கு அது தெரியாது. மொழிபெயர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயருக்கு உருபே வராமல் ‘கணக்கு: முருகன்’ என்று வாக்கியத்தை மாற்றியிருக்கலாம். மொழிபெயர்ப்பவரிடம் வாக்கியத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்து, திரையில் எங்கே வரும் என்று காட்டாமல் வேலை வாங்குகிறார்கள் என்பதும் உண்மைதான். அப்படிக் கொடுத்தால் எங்கே வரும் என்று கேட்க வேண்டும். கேட்காமல் சொல்லுக்குச் சொல் வைத்து அனுப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பெயரைக் கேட்கும் இடத்திலும் இதே அலட்சியம். ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும். முதலெழுத்து முன்னால்தானே வரும் என்று என் அத்தை முதல் கட்டத்தில் அதைப் போட, அடுத்தமுறை உள்ளே போனபோது ‘வணக்கம், கே’ என்று வந்தது. ‘பெயர்’ என்று ஒரு கட்டமும் ‘தலைப்பெழுத்து’ என்று ஒரு கட்டமும் வைத்திருந்தால் ‘வணக்கம், செல்வி’ என்று வந்திருக்கும். அந்த மூலையில் அத்தை எதிர்பார்த்ததும் அதைத்தான்.