மழை போன வழியில் ஒரு நடை

ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்குப் போனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி நல்ல மழை கொட்டி விடியும்போது வெறித்திருந்தால், காப்பி குடித்த கையோடு எல்லோரும் ஊருணிக் கரைவரை நடந்துவிட்டு வருவோம். செட்டிநாட்டில் கானாடுகாத்தானை ஒட்டிய கிராமம் எங்களுடையது. வீட்டிலிருந்து ஊருணி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள், சித்தப்பா, கோவையிலிருந்து வந்த நண்பர் குடும்பம் என்று எட்டுப் பேர் கிளம்பினோம். நண்பர் வாசல்படியிலேயே கேட்டார்: "வற்றாத ஆறு ஒண்ணுகூட இல்லாத ஊர்ல இத்தனை பெரிய வீடுகளைக் கட்டி வச்சிருக்காங்களே, தண்ணிக்கு என்ன செஞ்சாங்க?" நடக்க நடக்கவே அதற்குப் பதில் கிடைக்கும் என்றேன். நாங்கள் போகவிருந்த வழிதான் மழைத்தண்ணீர் போகிற வழியும்.

சிவகங்கைப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாக இறங்கிவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். செட்டிநாட்டு வீடு ஒன்றின் ஓட்டுக்கூரை 400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் பெய்கிற ஒரே ராத்திரியில் அதன்மேல் விழுவது 20,000 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர்!

அந்தத் தண்ணீரை வெளியே சிதறவிடாமல், வளவை, அதாவது வீட்டின் நடுக்கட்டைச் சுற்றியுள்ள நாட்டு ஓட்டுச் சரிவுகள் முற்றத்துக்குள் இறக்கிவிடுகின்றன. முற்றத்து மூலைகளில் அண்டாவை வைத்து, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிப் பிடிப்பார்கள். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்க அப்பத்தா விடவே மாட்டார். "ஓடு குளிக்கட்டும், அப்புறம் பிடிக்கலாம்" என்பார். கோடை முழுக்கச் சேர்ந்த தூசியும் பறவை எச்சமும் முதல் மழையோடு கழுவிப் போகும் என்பதால், மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளில் இன்றைக்கும் முதல் நீரைத் தனியே திருப்பி விடுகிறார்கள். எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது 2003இல். இந்த வீடுகளில் பல அதற்கு நூறு ஆண்டு முந்தியவை.

அண்டாவும் கிணறும் போக மிஞ்சியது தெருவுக்கு வரும். நேரான தெருக்கள், ஓரமாக வாய்க்கால், லேசான சரிவு. காலடியில் ஓடிய செந்நிறத் தண்ணீரோடு நாங்களும் ஊரைத் தாண்டிப் பொட்டலுக்கு வந்தோம். இங்கே தரையெல்லாம் செம்பூராங்கல். லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில், பாறையிலிருந்த சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் சிலிக்காவும் கரைந்து போய், கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகத் தங்கியதுதான் இந்தக் கல். இதன் சிவப்பும் துருவின் சிவப்பும் ஒன்றே. தரைக்குள் இருக்கும்போது கோடரியால் செதுக்கலாம். வெட்டியெடுத்துக் காற்றில் காயவைத்தால் இரும்புச் சேர்மங்கள் படிகமாகி இறுகிவிடும். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு இதற்கு 'லேட்டரைட்' என்று 1807இல் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். கேரளத்தில் இதை அறுத்து வீடு கட்டுவதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் அவருக்குத் தோன்றியது.

காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று மழைக்குப் பிறகுதான் பொட்டலில் தண்ணீர் ஓடத் தொடங்கும். பத்து ஹெக்டேர் பொட்டலில் 50 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 50 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தால்கூடப் பத்து லட்சம் லிட்டர், வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். அதனால்தான் வரத்துக்காலுக்குள் குப்பை போட்டாலோ மாட்டைக் கட்டினாலோ ஊரில் சத்தம் கேட்கும். ஊர் குடிக்கப் போகிற தண்ணீர் அல்லவா!

ஊருணிப் படித்துறையில் உட்கார்ந்ததும் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இந்தக் கல்லுலதான் ஓட்டை ஓட்டையா இருக்கே. தண்ணி ஏன் கீழ இறங்கிப் போயிரல?"

நல்ல கேள்வி. கரையில் கிடந்த செம்பூராங்கல் ஒன்றில் ஒரு கை தண்ணீர் ஊற்றினோம், கண்ணெதிரே உறிஞ்சிக்கொண்டது. அப்படியானால் ஊருணியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது எது? களிமண். ஒவ்வொரு மழையும் வரத்துக்கால் வழியாக மண்ணைக் கொண்டுவருகிறது. மணல் வாய்க்கால் வாயிலேயே தங்கிவிட, நுண்ணிய களிமண் துகள்கள் உள்ளே வந்து மெல்ல அடியில் படிகின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள் அவை. உருண்டையாக இல்லாமல் தட்டையான தகடுகளாக இருப்பதால், கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதுபோல் அடுக்கிக்கொள்ளும். நீர் கீழே இறங்க வேண்டுமானால் ஒவ்வொரு தகட்டையும் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் படிந்த இந்த மெழுக்குதான் ஊருணியின் அடித்தளம்.

செங்குத்தான பக்கச்சுவர்களில் களிமண் அவ்வளவாகத் தங்காது. எனவே பக்கவாட்டில் செம்பூராங்கல்லின் துளைகள் வழியே நீர் கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அடி பிடித்து வைக்கிறது, பக்கம் பகிர்ந்து கொடுக்கிறது. ஊருணி நிறைந்த வருஷம் எங்கள் வீட்டுக் கிணற்றில் சித்திரையிலும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் கிடக்கும்.

இது தெரியாமல் கெட்டதையும் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரில் ஆழப்படுத்துகிறோம் என்று இயந்திரத்தை இறக்கி அடிமெழுக்கைத் தாண்டி வெட்டிவிட்டார்கள். அந்த வருஷம் மழை குறையில்லை. தை பிறக்குமுன் தரை தெரிந்துவிட்டது. தூர் வாரத்தான் வேண்டும். ஆனால் தளர்ந்த வண்டலை மட்டும் அள்ளி, இறுகிய களிமண்ணில் மண்வெட்டி படும்போதே நிறுத்திவிட வேண்டும். சித்தப்பா இதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் கம்மிவிடுகிறது.

கசிவு போக, வெயில் குடிப்பது தனி. கோடையில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், நான்கு மாதத்தில் 72 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு மீட்டர் ஆழத்தில் அகலமாகப் பரப்பி வைத்தால் பெரும்பகுதி வானத்துக்கே. அதே தண்ணீரை நான்கு மீட்டர் ஆழத்தில் குறுக்கி வைத்தால் வெயிலுக்குக் காட்டும் பரப்பு நாலில் ஒன்றாகிவிடும். வயலுக்குப் பாயும் கண்மாய் விரிந்து கிடக்க, ஊருணி சின்னதாகவும் ஆழமாகவும் இருப்பதில் இந்தக் கணக்கு இருக்கிறது.

நண்பரின் மனைவி பாட்டிலில் கொஞ்சம் மொண்டு பார்த்தார். நீர்விட்ட மோரில் செம்மண் கரைத்த மாதிரி நிறம். "இதையா குடிச்சீங்க?" என்றார். வீட்டுக்கு ஒரு குடம் எடுத்துவந்தோம்.

கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டையை நாட்டுமருந்துக் கடையில் இன்றும் வாங்கலாம். சட்டைப் பொத்தான் அளவு, கொஞ்சம் தட்டை, வெளிர்மஞ்சள் நிறம். அப்பத்தா மண்பானையின் உள்சுவரில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கொட்டையை வட்டவட்டமாக இழைத்தார். சுவரில் பால்போல் ஒரு பசை ஏறியதும் ஊருணித் தண்ணீரை ஊற்றி ஒருமுறை கலக்கி மூடிவைத்தார்.

களிமண் துகள்கள் ஒவ்வொன்றிலும் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை சேர்வதில்லை. தனியாகவோ இறங்கவும் தெம்பில்லை. இரண்டு மைக்ரோமீட்டர் துகள் ஒன்று பத்து சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ எட்டு மணி நேரமாகும். அதற்குள் காற்று ஓர் அலை எழுப்பினால் மறுபடி மேலே வந்துவிடும். தேத்தாங்கொட்டையிலுள்ள புரதங்களும் நீண்ட மாவுப்பொருள் இழைகளும் பல துகள்களை ஒரே சமயத்தில் பிடித்துக் கோக்கின்றன. உருவம் பத்து மடங்கானால் இறங்கும் வேகம் நூறு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. இந்தத் திரளுக்குள் தண்ணீரும் கலந்திருப்பதால் முழு நூறு கிடைக்காது. ஆனாலும் கண்ணால் பார்க்கிற வேகம் வந்துவிடும். குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்கிற வேலையும் இதுவே. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தெளிந்த தண்ணீர் என்பதால் கிருமி இல்லாத தண்ணீர் ஆகிவிடாது. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்காகக் கண்ணாடிச் சொம்பு ஒன்றிலும் இதையே செய்து திண்ணையில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் நீருக்குள் சின்னச் சின்னப் பஞ்சுப்பிசிறுகள் தோன்றி, ஒரு மெல்லிய மழைபோல் அடியை நோக்கி இறங்கத் தொடங்கின. அக்கா மகள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. சாயங்காலம் சொம்பின் அடியில் விரல் நக கனத்துக்குச் செம்மண். அதன் மேலிருந்த தண்ணீருக்குள் திண்ணைத் தூணின் தேக்குவரிகள் தெளிவாகத் தெரிந்தன.