ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை

ஸ்பெயினுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர், அங்கே ருசித்த ஃபோண்டியோன் என்ற ஒயினைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கருந்திராட்சையில் செய்தது, வெளியிலிருந்து சர்க்கரையோ சாராயமோ சேர்க்கவில்லை என்று சொன்னார்களாம். அப்படியானால் அது ஏன் அவ்வளவு இனித்தது? நிறம் ஏன் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தது?

ஃபோண்டியோன், ஸ்பெயினின் தென்கிழக்கில் அலிகாந்தே மாகாணத்துக்கே உரியது. மொனாஸ்ட்ரெல் என்ற கருந்திராட்சையில் செய்கிறார்கள். தடித்த தோல், தாமதமாகப் பழுக்கும் குணம், வெயிலைத் தாங்கும் கொடி. அறுவடைக் காலம் வந்த பிறகும் குலைகளைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைக்கிறார்கள். காம்பு வழியாகப் பழத்துக்குள் சாறு வருவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தோல் வழியாக நீர் வெளியேறுவது மட்டும் நிற்பதில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் பழம் சுருங்கி, தோலில் சுருக்கம் விழுந்து, உலர்திராட்சையாகும் வழியில் பாதி தூரம் வந்திருக்கும். மழை குறைந்த பூமி என்பதால் அழுகல் தொந்தரவும் குறைவு.

கணக்கு எளிது. வழக்கமான ஒயினுக்கான சாற்றில் லிட்டருக்கு 200 முதல் 240 கிராம் சர்க்கரை இருக்கும். நீர் வற்றிய பழத்தின் சாற்றில் அது 300 கிராமைத் தாண்டும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட். ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாக அது லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஃபோண்டியோனில் குறைந்தது 16 சதவீத ஆல்கஹால், அதுவும் பழத்தின் சர்க்கரையிலிருந்தே வந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. 350 கிராம் சர்க்கரையுள்ள சாறு 16 சதவீதத்தில் நின்றால் 272 கிராம் தீர்ந்திருக்கும். 78 கிராம் மிஞ்சும். தொடக்கத்தில் சர்க்கரை குறைவாக இருந்தால் மிஞ்சுவதும் குறையும். ஃபோண்டியோனிலேயே இனிப்புக் குறைந்த வகையும் உண்டு.

ஆனால் எதிரே உணவு மிச்சமிருக்கும்போது ஈஸ்ட் ஏன் நிறுத்துகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஈஸ்ட் செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருநூறில் ஒரு பங்கு. அது இந்தக் கெட்டிச் சாற்றில் விழுந்தவுடன் நேர்வது, உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுக்கொள்வதைப் போன்றது. உள்ளிருக்கும் நீரை வெளியே உள்ள சர்க்கரை இழுக்கிறது, செல் சுருங்குகிறது. இதைச் சமாளிக்க ஈஸ்ட் தனக்குள் கிளிசராலைத் தயாரித்துச் சேர்க்கிறது. கிளிசரால் வழக்கமாக வெளியேறும் வாசலையும் அடைத்துவிடுகிறது. உள்ளேயும் அடர்த்தி கூடுவதால் நீர் தங்குகிறது. இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு: கிளிசரால் செய்வதால் குலையும் வேதிக் கணக்கை நேர்செய்யும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. இத்தகைய இனிப்பு ஒயின்களில் மூக்கில் லேசாக ஏறும் காடி வாசனைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு டம்ளரில் நீர்த்த சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் கெட்டிப் பாகு, இரண்டிலும் ஒரே அளவு பேக்கரி ஈஸ்ட் போட்டுப் பார்த்தேன். முதலாவது கால் மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கியது. இரண்டாவது அசையவே இல்லை.

அடுத்தது ஆல்கஹால். அது சேரச் சேர ஈஸ்டின் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகிறது. சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. பழச் சாற்றில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறக்குறைய சமம். ஈஸ்டுக்குக் குளுக்கோஸ் மீதுதான் நாட்டம், அதை முதலில் தின்கிறது. ஆகவே அது தளர்ந்து ஓயும்போது மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் ஃபிரக்டோஸ், குளுக்கோஸைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இனிக்கும் சர்க்கரை! வாசகரின் நாக்கு உணர்ந்தது இதைத்தான்.

ஈஸ்ட் ஆய்வுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. செல் தன் கழிவைத் தானே செரிக்கும் விதத்தை ஜப்பானிய ஆய்வாளர் யோஷினோரி ஓசுமி ஈஸ்டில்தான் கண்டறிந்தார். 2016இல் நோபல் பரிசு பெற்றார். நொதித்தலைப் புரிந்துகொள்ளச் செலவிட்ட பணம் மருத்துவத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

'இயற்கை இனிப்பு' என்பதால் நீரிழிவுக்காரர்களுக்கு இது கேடில்லை என்று நம்புவது வெறும் மூடநம்பிக்கை. பழத்திலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். அதோடு ஆல்கஹாலும் இருக்கிறது. அலிகாந்தே ஒயினை மருந்தோடு சேர்த்துக் கொடுத்த பழைய கதையும் ஒன்று உண்டு. 1715 ஆகஸ்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் கால் அழுகிக்கொண்டிருந்தபோது, அதைக் குணப்படுத்தும் என்று ஒருவர் கொண்டுவந்த மருந்தில் பத்துச் சொட்டை அலிகாந்தே ஒயினில் கலந்துதான் கொடுத்தார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி மன்னர் இறந்துவிட்டார்.

இனி நிறம். ஃபோண்டியோன் குறைந்தது பத்து ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். மரம் வழியாக ஆக்சிஜன் துளித்துளியாக உள்ளே கசிகிறது. தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின் நிறமிகள் சிதைந்தும், துவர்ப்புப் பொருள்களோடு பிணைந்தும் தம் சிவப்பை இழக்கின்றன. பிணைந்து பெருத்தவற்றில் ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படிகிறது. முதலில் செங்கல் நிறம், பிறகு பழுப்பு. வாசகரின் கிண்ணத்துக்கு வந்தது அந்தப் பழுப்புதான்.