டிஸ்லெக்சியா: வகுப்பறை உதவிக்கு 40 சதவீதம் தேவையில்லை

“முதல்ல சர்டிபிகேட் கொண்டு வாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்.” பையனுக்கு வகுப்பில் உதவி கேட்டுப் போன என் அக்காவுக்குச் சென்னையில் ஒரு பள்ளி சொன்ன பதில் இது. பையன் நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான். எழுதச் சொன்னால் ‘மரம்’ ‘ரமம்’ ஆகிவிடும்.

அந்தப் பதில் தவறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், எழுதப் படிக்கச் சிரமம் தரும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. அதன் 16-ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் இதைச் சீக்கிரமே கண்டறிந்து கற்பிக்கும் முறையை அதற்கேற்ப அமைக்கச் சொல்கிறது. ஆக, கண்டுபிடிப்பதே பள்ளியின் வேலை! கேள்வியை வாசித்துக் காட்டுவது, வாய்மொழியாகப் பதில் வாங்குவது, போர்டில் உள்ளதை எழுத நேரம் கொடுப்பது எதற்கும் ‘குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்’ என்ற கணக்கு கிடையாது. தலைமையாசிரியரிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டது மறுநாளே மறந்துபோகும்.

சான்று அவசியமாவது பொதுத்தேர்வில்தான். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்தபிறகு ஓடாதீர்கள், ஒன்பதிலேயே தொடங்குங்கள். தனியார் மையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டி வாங்கிய அறிக்கையை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். அரசு மருத்துவக் குழுவின் சான்றுதான் கேட்பார்கள். 8 வயதுக்கு முன் அதுவும் கிடைக்காது. உளவியலாளர் ஒரு நாள், குழந்தை மருத்துவர் இன்னொரு நாள், கையெழுத்துப் போட வேண்டியவர் அன்றைக்கு லீவு. நாலைந்து நடை ஆகும் என்று நினைத்தே கிளம்புங்கள். பழைய நோட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். பிள்ளை எழுதும் விதத்தை நீங்கள் விளக்குவதைவிட அவை நன்றாகவே காட்டும்.

“40-க்குக் கீழே, அதனால எழுதுபவர் கிடையாது” என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடாதீர்கள். தேர்வுக்கு எழுதுபவர் கேட்டு விகாஸ் குமார் தொடுத்த வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்காக 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வழிகாட்டுதலும் தந்தது. இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதல் எது என்று பார்த்து, அதை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று, டிசி. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டம் விடாது. அதனால்தான் “நீங்களே கேட்டதா எழுதிக் கொடுங்க” என்று பேப்பரை நீட்டுவார்கள். அக்காவிடமும் நீட்டினார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள்.