முன் ஃபோர்க்கின் ப்ரீலோட்: அளந்த பிறகே கை வைக்க வேண்டும்

பிரேக் பிடித்தால் முன்பக்கம் இறங்குகிறது, ஸ்பிரிங்கை டைட் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் பெரும்பாலானோர் சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியைக் கொண்டுவருகிறார்கள். பல இடங்களில் அதற்குக் கிடைக்கும் வைத்தியம், ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங் உள்ள இரண்டு கால்களின்) மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கின் மேல் இரண்டு வாஷர்களைப் போட்டு மூடுவது. ஸ்டாண்டை எடுத்து ஹேண்டிலை அழுத்திப் பார்த்தால் முன்பக்கம் நிமிர்ந்து, கெட்டியாகவே தெரியும். ஆனால் மேடுபள்ளமான சாலையில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிய பிறகும், அந்த வாஷர்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ப்ரீலோட் என்பது, ஃபோர்க் முழுவதும் நீண்டு தொங்கும் நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அழுந்தி நிற்கிறது என்ற அளவு. ஒரு மி.மீ. அழுந்த 0.85 கிலோ கேட்கும் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; இரண்டும் சேர்ந்து மி.மீ.க்கு 1.7 கிலோ. 15 மி.மீ. ப்ரீலோட் இருந்தால், முதல் 25.5 கிலோ எடை ஏறும் வரை ஃபோர்க் அசையாது. அதை 25 மி.மீ. ஆக்கினால் அசையத் தொடங்க 42.5 கிலோ வேண்டும். அசையத் தொடங்கிய பிறகோ, ஒவ்வொரு மி.மீ.க்கும் அதே 1.7 கிலோதான். ஆகவே ப்ரீலோட் கூட்டுவதால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்கிறது, அவ்வளவே. பிரேக் பிடிக்கும்போது இறங்கும் தூரமும் ஏறத்தாழ முன்பிருந்த அதே தூரம்தான், இறக்கம் தொடங்கும் இடம் மட்டுமே மேலே போயிருக்கிறது. ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக உள்ள ஸ்பிரிங்கில் இந்தக் கணக்கு சற்று மாறும் என்றாலும், அடிப்படை இதுவே.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் ஃபோர்க் தன் மொத்த டிராவலில், அதாவது முழுவதும் நீண்ட நிலையிலிருந்து முழுவதும் அழுந்தும் வரை அது நகரும் தூரத்தில், எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதுதான். இந்தத் தாழ்வு ஒரு குறையல்ல. சாலையில் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க அந்த இடம்தான் தேவைப்படுகிறது; அதை முழுவதும் அடைத்துவிட்டால் சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்று மறு விளிம்பில் மோதும். தாழ்வு அளவுக்கு மீறினாலோ, முன்பக்கம் குனிந்து ஹேண்டில் நிலையற்றுப் போகும், வேகத்தடையில் ஃபோர்க் அடி தட்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு, ஆள் அமர்ந்த நிலையில் டிராவலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தாழ்வு இருப்பது நல்ல தொடக்க அளவு. 130 மி.மீ. டிராவல் உள்ள ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 போன்ற வண்டியில் இது 33 முதல் 43 மி.மீ. வரை வரும், 200 மி.மீ. டிராவல் கொண்ட ஹிமாலயன் 411 வண்டியில் 50 முதல் 67 வரை.

அளப்பதற்கு ஒரு டேப், ஒரு கேபிள் டை, உதவிக்கு இருவர் போதும். முதலில் முன் சக்கரம் தரையில் படாதபடி எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதியான பாட்டம் கேஸில் ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கினால் ஃபோர்க் நீளாது, அளவே தவறாகிவிடும். பைப்பைச் சுற்றித் தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீலின் மேல் விளிம்பிலிருந்து, ஃபோர்க் கால்களைப் பிடித்திருக்கும் கீழ்க் கிளாம்ப்பின் அடி வரை தெரியும் ஃபோர்க் பைப்பின் நீளம்தான் முதல் அளவு. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் வழக்கமாக அணியும் ஹெல்மெட், ஜாக்கெட், பையோடு ஏறி, இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து அமர, ஒருவர் பின்னாலிருந்து வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பலர் தவறவிடுவது அடுத்த படியைத்தான். சீலும், பைப் வழுக்கி ஓடும் வளையமான புஷ்ஷும் பைப்பை உரசிப் பிடிப்பதால், ஃபோர்க் எங்கே நிற்கிறது என்பது அது மேலிருந்து வந்து நின்றதா, கீழிருந்து வந்து நின்றதா என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே முன்பக்கத்தை அழுத்தி, மெல்ல மேலே வரவிட்டு, நின்ற இடத்தில் ஓர் அளவு. பின் முன்பக்கத்தைத் தூக்கி, மெல்ல இறங்கவிட்டு, நின்ற இடத்தில் இன்னோர் அளவு. உதாரணமாக, தொங்கும் நிலையில் 162 மி.மீ., அழுத்திவிட்டபோது 112, தூக்கிவிட்டபோது 120 என்றால், பின்னிரண்டின் சராசரி 116, தாழ்வு 46. நடுவில் உள்ள 8 மி.மீ. வேறுபாடு உரசலின் கணக்கு. அது மிகப் பெரிதாக இருந்தால் ப்ரீலோட் பக்கமே போகக்கூடாது: ஆக்ஸில் இறுக்கியபோது ஃபோர்க்கின் இரண்டு கால்களும் இணையாக நிற்கவில்லை, அல்லது பைப் வளைந்திருக்கிறது, அல்லது சீல் வறண்டிருக்கிறது. எங்கோ விழுந்து எழுந்த வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

46 மி.மீ. என்பது 130 மி.மீ. டிராவலில் 35 சதவீதம். அதை 38 ஆக்க விரும்பினால் 8 மி.மீ. ப்ரீலோட் கூட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்பதே கணக்கு. கூட்டிய பிறகு, ஆளில்லாமல் வண்டி தன் எடையில் மட்டும் எவ்வளவு தாழ்கிறது என்பதையும் அதே முறையில் அளக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் பொருத்தமானதா என்பதைச் சொல்வது இந்த அளவுதான். ஆளோடு சரியான தாழ்வு வந்தும், வெறும் வண்டி கொஞ்சமும் தாழாமல் நிமிர்ந்தே நின்றால் ஸ்பிரிங் அந்த ஓட்டுநருக்கு மிருதுவானது. ப்ரீலோடைத் திணித்து அதைத் தாங்க வைத்திருக்கிறோம். வெறும் வண்டியே அதிகம் தாழ்ந்தால் ஸ்பிரிங் கடினமானது. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் உண்மை இதுதான். இரண்டு நிலைகளிலும் தேவை வேறு ஸ்பிரிங். வாஷரால் அது தீராது.

மூடியின் மேல் திருகி அட்ஜஸ்ட் செய்யும் வசதி இல்லாத ஃபோர்க்கில், ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் பைப் துண்டான ஸ்பேசரின் நீளத்தை மாற்றித்தான் ப்ரீலோடை மாற்ற வேண்டும். உள்ளே இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதை மூடியைக் கழற்றிய நிலையிலேயே அளந்துவிடலாம். ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்க, ஸ்பேசர் பைப்பின் வாய்க்கு மேலே 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, மூடியின் விளிம்பிலிருந்து ஸ்பேசரைத் தொடும் பகுதி வரை 14 மி.மீ. உள்ளே இறங்குகிறது என்றால், ப்ரீலோட் 20 மி.மீ. ஸ்பேசரை வெட்டும்போது முனை செங்குத்தாக, பிசிறின்றி இருக்க வேண்டும். இரண்டு காலிலும் ஒரே நீளம் வேண்டும். ஸ்பிரிங்குக்கும் ஸ்பேசருக்கும் இடையில் உள்ள வாஷரை விட்டுவிடக் கூடாது. அளவில்லாமல் நீளம் கூட்டினால், ஃபோர்க் முழுவதும் அழுந்துவதற்கு முன்பே ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பள்ளத்தில் முழு அடியும் ஹேண்டிலுக்கு வரும்.

மூடியைக் கழற்றும்போது முன் சக்கரம் தரையில் படாமல் இருக்க வேண்டும், மேல் கிளாம்ப்பின் போல்ட்டை முதலில் தளர்த்தியிருக்க வேண்டும். கடைசித் திரெட் விடும் கணத்தில் ஸ்பிரிங் மூடியை மேலே எறியும். முகத்தை அதற்கு நேர் மேலே வைத்துக்கொண்டு திருகுவோரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. உள்ளங்கையால் மூடியை அழுத்தியபடியே கடைசிச் சுற்றுகளைத் திருப்ப வேண்டும். மூடியோடு டேம்பர் ராடு (ஃபோர்க்கின் அசைவைக் கட்டுப்படுத்தும் தண்டு) இணைந்திருக்கும் கார்ட்ரிட்ஜ் வகை ஃபோர்க்குகளை, அதற்கான கருவி இல்லாமல் வீட்டில் திறக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் கேபிள் டையை பைப்பில், டஸ்ட் சீலை ஒட்டிக் கட்டி, ஒரு வாரம் வழக்கமான சாலைகளில் ஓட்டிப் பாருங்கள். ஃபோர்க் இறங்கிய அதிகபட்ச இடத்தில் அது நின்றிருக்கும். தாழ்வு சரியாக இருந்தும் டை தினமும் டிராவலின் கடைசி வரை போயிருந்தால், மறுபடி ஸ்பேசரைத் தொடாமல், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுவதும் அழுத்திய நிலையில் ஆயில் மட்டம் கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை.